எட்டுதா பாப்பா?

(ஒரு தொடக்கப் பள்ளி ஆண்டு விழாவில், ‘பள்ளிக்கூடத்தைத் தாங்கி நிற்பவர்கள் ஆசிரியர்களா? பெற்றோர்களா?’ என்ற பட்டிமன்றத்தில் பெற்றோர் அணிக்காகப் பேசியது.)

நடுவர் ஐயாவுக்கும், மேடையில இருக்கற பெரியவங்களுக்கும், எதிர்ல உக்காந்திருக்கற ஊருக்கும் வணக்கம். வணக்கத்தை இதோட நிறுத்திக்கறேன். பத்து நிமிஷம் குடுத்திருக்கீங்க, எனக்குச் சொல்ல வேண்டியது நிறைய இருக்கு.

எதிரணித் தலைவர் ஐயா இப்பத்தான் பேசிட்டு உக்காந்தாரு. தலைமையாசிரியரா இருந்து ஓய்வு பெற்றவரு. அவர் சொன்ன ஒரு வார்த்தைக்குப் பந்தலே குலுங்கிச்சு. என்ன சொன்னாரு? “பெத்தவங்க பள்ளிக்கூடத்துப் படி ஏறுறது ரெண்டே தடவை. பிள்ளையச் சேர்க்க ஒரு தடவை, டி.சி. வாங்க ஒரு தடவை. நடுவுல வந்தா, அது சண்டைக்கு!” அப்படின்னாரு.

எல்லாரும் கைதட்டினீங்க. முன்வரிசையில இருக்கற அம்மாக்களும் தட்டினாங்க, நான் பார்த்தேன். தங்களைக் குறை சொன்ன வாத்தியாருக்கே கைதட்டுற மனசு பெத்தவங்களுக்குத்தான் வரும். நடுவர் ஐயா, எங்க அணிக்கு முதல் மதிப்பெண்ணை அங்கயே போட்டுக்கங்க!

“நீங்களே ஒரு டீச்சர், அந்தப் பக்கம் உக்காரலாமா”ன்னும் ஐயா கேட்டாரு. ஆமாங்கய்யா, 22 வருஷமா இடைநிலை ஆசிரியை. அந்த 22 வருஷத்துல கண்ணால பார்த்ததைச் சொல்லணும்னுதான் இந்தப் பக்கம் உக்காந்திருக்கேன். பள்ளிக்கூடத்துப் படி ஏறுறதைப் பத்தித்தானே சொன்னீங்க? சரி, படியைப் பத்தியே பேசுவோம். ஒரே ஒரு படி.

எங்க பள்ளிக்கூடத்துல பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம். வெள்ளிக்கிழமை, மூணு மணி. நாங்க உள்ள உக்காந்து பெரிய பெரிய விஷயமாப் பேசிக்கிட்டிருக்கோம். சுற்றுச்சுவர் வேணும், ஸ்மார்ட் போர்டு வேணும், யாருக்கு மனு எழுதலாம், நகல் யாருக்கு அனுப்பலாம். நாலே கால் மணிக்கு ஒரு அக்கா வந்தாங்க. நூறு நாள் வேலைக்குப் போயிட்டு நேரா வர்றாங்க. மண்வெட்டியை வெளிய சாய்ச்சு வச்சாங்க. செருப்பைக் கழட்டினாங்க. காலெல்லாம் வாய்க்கால் மண்ணு. “உள்ள வாங்கக்கா, உக்காருங்க”ன்னேன். “இருக்கட்டும் டீச்சர், தரை அழுக்காயிரும், நான் இப்படியே நிக்கிறேன்”னு கதவோரமா நின்னுட்டாங்க.

கூட்டம் முடியற நேரம். தலைமையாசிரியை வழக்கம்போலக் கேட்டாங்க, “வேற யாருக்காவது ஏதாவது சொல்லணுமா?” அந்த அக்கா வாயைத் திறந்தாங்க.

“ஒண்ணு சொல்லலாமா டீச்சர்? எம்பொண்ணு சட்டை தினமும் வலது கை மட்டும் நனைஞ்சு வருது.”

அவ்வளவுதான் சொன்னாங்க. எங்களுக்குப் புரியல. “சின்னப் பிள்ளதானே, தண்ணியில ஆடியிருக்கும்”னு ஒரு டீச்சர் சொன்னாங்க. “இல்ல டீச்சர். ஆடினா மொத்தமா நனையும். இது ஒரு கை மட்டும், அக்குள் வரைக்கும் நனையுது. நேத்து உக்கார வச்சுக் கேட்டேன். குழாய் எட்டலம்மா, எக்கி எக்கித் திறப்பேன், தண்ணி கையோடயே இறங்கிரும்னு சொல்லுது.”

நடுவர் ஐயா, அந்தக் குழாய் வச்சு மூணு வருஷம் ஆச்சு. சின்டெக்ஸ் தொட்டி, அதுக்குக் கீழ வரிசையா அஞ்சு குழாய். வச்சவரு தன் உயரத்துக்கு வச்சுட்டுப் போயிட்டாரு. ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைங்க மதியம் தட்டைக் கையில வச்சுக்கிட்டு, அஞ்சாம் வகுப்பு அக்கா வந்து திறந்து விடுறவரைக்கும் நிக்கும். அவசரப்பட்டது எக்கும். நாங்க அஞ்சு டீச்சரும் தினமும் அதே குழாயிலதான் கை கழுவினோம். எங்களுக்கு எட்டிச்சு, அதனால தெரியல. ராத்திரி வீட்டுல சட்டை துவைக்கற கைக்குத் தெரிஞ்சுது!

இருங்க, கதை இன்னும் முடியல. நாங்க உடனே என்ன செஞ்சோம்? பேனாவை எடுத்தோம். “தீர்மானம்: குழாயடியில் படி அமைத்துத் தரக் கோருதல்.” வட்டாரக் கல்வி அலுவலருக்கு ஒண்ணு, பி.டி.ஓ. ஆபீசுக்கு ஒண்ணு. அந்த அக்கா கதவோரத்துல இருந்தே கேட்டாங்க: “எதுக்கு டீச்சர் இதுக்குப் போயி லெட்டரு? எங்க வீட்டுக்காரரு கொத்தனாரு. சனிக்கிழமை வரச் சொல்றேன்.”

சனிக்கிழமை காலையில ஏழு மணி. கொத்தனார் அண்ணன் கரண்டி, தூக்குக்குண்டு, ரசமட்டத்தோட வந்துட்டாரு. வீடு கட்டி மிச்சம் வச்சிருந்த அரை மூட்டை சிமெண்ட் ஒரு வீட்டுல இருந்து வந்துச்சு. டி.வி.எஸ். 50-ல முன்னாடி பத்து, பின்னாடி முப்பதுன்னு ஒரு அப்பா செங்கல் கொண்டாந்தாரு. மணல் எங்கிருந்து வந்துச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது, குவிஞ்சு கிடந்துச்சு. நாலு அம்மாக்கள் கலவை போடுறாங்க.

நான் வீட்டுல இருந்து டேப் எடுத்துட்டுப் போயிருந்தேன், அளக்க. கொத்தனார் அண்ணன் வாங்கவே இல்ல. மகளைக் கூப்பிட்டாரு. குழாய்க்கு நேரா ஒரு செங்கலைப் போட்டாரு. ஏறி நில்லுன்னாரு. ஏறுச்சு. கையை நீட்டுன்னாரு. நீட்டுச்சு.

“எட்டுதா பாப்பா?”

“எட்டலப்பா.”

இன்னொரு செங்கல். “எட்டுதா பாப்பா?” “விரல் படுதுப்பா, திறக்க வரல.” மூணாவது செங்கல். அது ஏறி நின்னு, கையை நீட்டி, குழாயைப் பிடிச்சு, ஒரு திருகு திருகி... “எட்டுதுப்பா!” கலவை போட்ட அம்மாக்கள், செங்கல் கொண்டாந்த அப்பா, டீச்சருங்க, எல்லாரும் கைதட்டினோம். இப்ப ஐயாவுக்கு நீங்க தட்டினீங்களே, அதைவிடப் பலமா!

பின்னால இருக்கற பெரியவருக்குச் சரியாக் கேட்கலன்னு கையைக் காட்டுறாரு. உங்களுக்காக இன்னொரு தடவை சொல்றேன் ஐயா, எனக்கு இதைச் சொல்லச் சலிக்கவே சலிக்காது. முதல் செங்கல்ல எட்டுச்சா? (கூட்டம்: எட்டல!) ரெண்டாவது செங்கல்ல? (எட்டல!) மூணாவதுல? (எட்டுச்சு!) இப்ப நீங்களே சொல்லுங்க, எங்க பள்ளிக்கூடத்துல அந்தப் படியைக் கட்டினது யாரு?

தலைவர் ஐயா, ரெண்டு தடவைன்னு சொன்னீங்களே, இந்த அண்ணன் வந்தது எந்தத் தடவையில சேரும்? சேர்க்கவா, டி.சி. வாங்கவா? அதுக்குப் பிறகு மூணு நாள் காலையும் சாயங்காலமும் வந்து, சாக்கு போட்டுத் தண்ணி ஊத்தி நனைச்சுட்டுப் போனாரே, அதையும் எண்ணிக்கங்க.

இன்னும் எண்ணலாம். 2022 செப்டம்பர்ல மதுரையில காலை உணவுத் திட்டம் தொடங்கினாங்க. சமைக்கறது யாரு? மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள். அதே பள்ளிக்கூடத்துல பிள்ளை படிக்கற தாய்மாராப் பார்த்துத்தான் எடுக்கறாங்க. புதன்கிழமை பொங்கல்னா, நாம எழுந்திரிக்கறதுக்கு முன்னாடி அந்த அம்மா பள்ளிக்கூடத்துல அடுப்பு பத்த வச்சிருப்பாங்க. மொத்தமே ரெண்டு தடவையா ஐயா? வாரத்துக்கு அஞ்சு தடவை!

கொரோனா காலத்துல, 2021-ல இல்லம் தேடிக் கல்வி வந்துச்சு. மாசம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகைக்குச் சாயங்காலம் திண்ணையில இருபது பிள்ளைகளை வச்சுக்கிட்டு எழுத்துக் கூட்டச் சொல்லிக் குடுத்தவங்கள்ல எத்தனை பேரு அந்தத் தெருவு அம்மாக்கள்! எங்க வகுப்புக்குத் திரும்பி வந்த பிள்ளைங்க ‘அ’னா மறக்காம வந்துச்சுன்னா, பாதிப் புண்ணியம் அந்தத் திண்ணைக்கு.

இது இன்னிக்கு நேத்து வந்த பழக்கமும் இல்ல. 1956-ல எட்டயபுரத்துல காமராசர் மதிய உணவைத் தொடங்கி வச்சப்ப, கஜானாவை மட்டும் நம்பித் தொடங்கல. ஊர்க்காரங்க குடுத்த அரிசியும் காசும் அந்த உலையில இருந்துச்சு. அதுக்கப்புறம் நெ. து. சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநரா இருந்து நடத்தின பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள்ல, பள்ளிக்கு என்ன குறைன்னு ஊரே கூடிக் கணக்கெடுத்து, ஊரே குடுத்துச்சு. அதோட தொடர்ச்சிதான் இன்னிக்குப் புதுக்கோட்டைப் பக்கம் நடக்கற கல்விச் சீர். தாய்மாமன் சீர் மாதிரி மேளம் கொட்டி, தாம்பாளம் ஏந்தி, பீரோ, நாற்காலி, மின்விசிறி, குடம், உலக உருண்டைன்னு ஊர்வலமா வந்து பள்ளிக்கூடத்துல வைக்கறாங்க. சீர் யாருக்கு வைப்போம்? நம்ம வீட்டுப் பொண்ணுக்கு!

2009-ல வந்த கல்வி உரிமைச் சட்டமும் இதைத்தான் சொல்லுது. மேலாண்மைக் குழுவுல நாலுல மூணு பங்கு பெத்தவங்க இருக்கணும், மொத்தத்துல பாதிப் பேரு பெண்கள் இருக்கணும். வாய்க்கால் மண்ணுக் காலோட வந்தாங்களே அந்த அக்கா, அவங்க கதவோரத்துல நிக்க வேண்டியவங்களே இல்ல, உள்ள நாற்காலி போட்டு உக்கார வேண்டியவங்கன்னு சட்டமே சொல்லுது.

சண்டைக்கு வர்றாங்கன்னீங்க. வந்தாரு ஐயா, எங்கிட்டயும் ஒருத்தர் வந்தாரு. டீக்கடை வச்சிருக்கறவரு. “நாலாவது படிக்கறான், பேப்பர்ல தலைப்பு படிக்கத் தெரியல, நீங்கல்லாம் என்னத்தக் கிழிக்கிறீங்க”ன்னு கேட்டாரு. எனக்குக் கோபம் வந்துச்சு. ராத்திரி யோசிச்சப்ப, அவர் கேட்டது நியாயம்னு பட்டுச்சு. மறுநாள் அவரைக் கூப்பிட்டேன். “வகுப்புல நான் பார்த்துக்கறேன், சாயங்காலம் நீங்க அதே பேப்பரைக் குடுத்து ஒரு தலைப்பு மட்டும் வாசிக்கச் சொல்லுங்க”ன்னேன். கடைக்கு வர்ற பெரியவங்களே அந்தப் பையனுக்கு வாத்தியார் ஆனாங்க. அரையாண்டுக்குள்ள தலைப்பை விட்டுட்டுச் செய்தியைப் படிச்சான். அன்னிக்கு அந்த மனுஷன் சண்டைக்கு வராம இருந்திருந்தா?

ஆனா, தலைவர் ஐயா சொன்னதுல ஒரு உண்மை இருக்கு. அதை நான் மறைக்க மாட்டேன். பள்ளிக்கூடப் பக்கமே வராத பெத்தவங்க இருக்காங்க. எனக்கே ஒருத்தரைத் தெரியும். மகளைப் பன்னிரண்டு வருஷம் படிக்க வச்சாங்க, ஒரு நாள்கூட வகுப்புக்குள்ள கால் வச்சதில்ல. அவங்க எங்க அம்மா.

அம்மா மீன் விக்கறவங்க. தலையில சும்மாடு, அது மேல அலுமினிய அன்னக்கூடை. கடற்கரையில ஏலம் எடுத்து, தெருத் தெருவா நடந்து வித்துட்டு, மதியம் எங்க பள்ளிக்கூட வழியாத்தான் திரும்புவாங்க. நான் எட்டாவது படிக்கறப்ப ஒரு நாள் வகுப்பு வாசல் வரைக்கும் வந்து சோத்து டப்பாவைக் குடுத்துட்டுப் போனாங்க. பக்கத்துல இருந்த பிள்ளை மூக்கைப் பொத்துச்சு. அன்னிக்குச் சாயங்காலம் வீட்டுல நான் சொன்னேன், “நீ இனிமே என் பள்ளிக்கூடத்துக்கு வராதம்மா.”

அம்மா ஒண்ணும் கேட்கல. சரின்னாங்க. அதுக்கப்புறம் வரல.

பத்தாவதுல நான் பள்ளிக்கூடத்துலயே முதல். ஆண்டு விழாவுல மேடைக்குக் கூப்பிட்டுப் பரிசு குடுத்தாங்க. நான் அம்மாகிட்ட விழான்னே சொல்லல. ராத்திரி வீட்டுக்கு வந்து பரிசைக் காட்டினேன். தொட்டுப் பார்த்துட்டு, கையைப் புடவையில துடைச்சுட்டு, மறுபடி தொட்டுப் பார்த்தாங்க. அப்பத்தான் கவனிச்சேன், அடுப்போரத்துல இருந்த அன்னக்கூடை நேரா உக்காரல, ஆடுது. திருப்பிப் பார்த்தா அடியில பெருசா ஒரு நசுங்கல். “என்னம்மா ஆச்சு?” “எங்கயோ இடிச்சுக்கிட்டேன்.”

மறுநாள் பக்கத்து வீட்டு அத்தை சொன்னாங்க. “உங்கம்மா நேத்து உங்க பள்ளிக்கூடத்து மதில் ஓரமா அன்னக்கூடையைக் கவுத்துப் போட்டு, அது மேல ஏறி நின்னு, விழா முடியறவரைக்கும் எட்டிப் பார்த்துக்கிட்டு நின்னாங்கடி.”

அன்னிக்கு எங்க அம்மாவுக்கு எட்டல ஐயா. அந்த மதிலுக்குப் பக்கத்துல யாரும் மூணு செங்கல் போடல. உள்ள வாங்கன்னு கூப்பிடல. பெத்த மகள் நானும் கூப்பிடல. அதுக்கப்புறம் ஏழெட்டு வருஷம் அந்த நசுங்கின அன்னக்கூடையைத்தான் தலையில வச்சுச் சுமந்தாங்க. நான் டீச்சர் ஆகி முதல் சம்பளத்துல புதுசு வாங்கிக் குடுத்தேன். “பழசே நல்லாத்தான் இருக்கு”ன்னு அதைத்தான் எடுத்துட்டுப் போனாங்க.

அதனாலதான் கூட்டத்துக்கு யாராவது கதவோரம் வந்து நின்னா, நான் எழுந்து போய்க் கையைப் பிடிச்சு உள்ள கூட்டிட்டு வர்றேன்.

நடுவர் ஐயா மணி அடிச்சுட்டாரு. தீர்ப்பை எந்தப் பக்கம் வேணும்னாலும் சொல்லுங்க ஐயா. எனக்கு இன்னும் அரை நிமிஷம் மட்டும் குடுங்க. நான் பேச ஆரம்பிச்சதுல இருந்து பார்த்துக்கிட்டே இருக்கேன், அதோ, காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் ரோட்டுல நின்னு எக்கிப் பார்த்துக்கிட்டிருக்கற அம்மாக்கள்... ஆமா, உங்களைத்தான் சொல்றேன், அந்தப் பச்சைப் புடவை அக்கா, பக்கத்துல கைப்பிள்ளையோட நிக்கற தங்கச்சி. முன்வரிசையில ஆறு நாற்காலி காலியா இருக்கு. தம்பி, அந்தக் கேட்டைத் திறந்து விடுப்பா. வாங்கக்கா, உள்ள வாங்க.