ஜிஐ பைப் வாசல் கேட்டுல வெல்டிங் அடிச்ச இடத்துல மட்டும் ஏன் துருப்பிடிக்குது? அக்கா கேட்ட கேள்விக்கு பதில்

சரி அடுத்த கேள்விக்கு வருவோம். நம்ம மலேசியா சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துலேர்ந்து ஒரு அக்கா கேட்டிருக்காங்க, ஜிஐ பைப், அதான் துத்தநாகம் பூசுன இரும்பு பைப், வாங்கி வாசல் கேட்டு செஞ்சோம், மேல சில்வர் சாயமும் அடிச்சோம், ரெண்டு மழைக்காலம் கூட தாங்கல, ஒட்டுன மூட்டு எல்லாம் செவப்பா வழியுது, இப்ப ஆட்டுக் கொட்டகை வேற போடணும், உருகுன துத்தநாகத்துல முக்கி எடுக்கிற ஹாட் டிப் போடுன்னு சொல்றாங்க, அது உண்மையிலேயே நல்லதா தம்பி, கீறல் விழுந்தா என்ன ஆகும், பச்சை சாயம் அடிக்கலாமான்னு. நல்ல கேள்விக்கா, ஒவ்வொண்ணா சொல்றேன்.

மொதல்ல அந்த மூட்டு ஏன் துருப்பிடிச்சுச்சு. பைப் மேல இருக்கிற அந்த வெள்ளி நெறம் துத்தநாகம், நாம ஜிங்க்னு சொல்றோம்ல அதான், அது 907 டிகிரில கொதிச்சு ஆவியாயிடும், வெல்டிங் சூடு அதுக்கெல்லாம் ரொம்ப மேல, அதனால ஒட்டும்போது வெள்ளைப் புகையா போறது நீங்க காசு குடுத்து வாங்குன ஜிங்க்தான். மூட்டுல வெறும் இரும்பு மட்டும் மிச்சம். அதுக்கு மேல சில்வர் சாயம் அடிச்சா பாக்க ஒரே மாதிரி இருக்கும், ஆனா அதுல இருக்கிறது அலுமினியத் தூள், அது இரும்ப காப்பாத்தாது, மூடி மட்டும் வைக்கும். (அந்தப் புகைய இழுத்தா ராத்திரி குளிர் ஜுரம் வரும், பால் குடிச்சா சரின்னு பட்டறைல சொல்வாங்க, பால் ஒண்ணும் தடுக்காது, காத்தோட்டமா நின்னு ஜிங்க்க கிரைண்டர்ல எடுத்துட்டு ஒட்டுங்க தம்பிங்களா, தயவுசெஞ்சு.)

ரெண்டாவது, கடையில ஜிஐன்னு சொல்றது எல்லாம் ஒண்ணு இல்ல. அந்த மெல்லிசு பைப் ஏற்கனவே ஜிங்க் பூசுன தகட்ட சுருட்டி செய்யுறது, நல்ல தகடுன்னாலே சதுர மீட்டருக்கு 275 கிராம், அது ரெண்டு பக்கமும் சேத்து, அப்ப ஒரு பக்கத்துக்கு 20 மைக்ரான்தான் வரும் (ஒரு மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்). ஹாட் டிப்னா வேற கதை, கருப்பு இரும்ப வெட்டி ஒட்டி முழுசா செஞ்சு முடிச்சப்பறம், எண்ணெய் போக கழுவி, ஆசிட்ல துரு எடுத்து, ஜிங்க் நல்லா புடிக்கிறதுக்கான ஃபிளக்ஸ் கரைசல் தொட்டில முக்கி, 450 டிகிரில உருகி நிக்கிற ஜிங்க்குள்ள அப்படியே எறக்குவாங்க. மூட்டு, மூலை, பைப்புக்கு உள்பக்கம் எல்லாத்துலயும் போய் இரும்போட சேந்து கலந்துடும், சாயம் மாதிரி உரியாது. ஹாட் டிப்புக்கான உலகத் தரம் ஐஎஸ்ஓ 1461ல, 3 மில்லிமீட்டருக்கு மேல 6 மில்லிமீட்டர் வரைக்கும் கனம் உள்ள இரும்புக்கு சராசரி 70 மைக்ரான் இருக்கணும், 6க்கு மேல போனா 85.

இந்த மைக்ரான்தான் ஆயுசு. நம்ம மாதிரி வெயிலும் ஈரமும் உள்ள, ஃபேக்டரி புகை கம்மியான ஊர்ல வருஷத்துக்கு 0.7லேர்ந்து 2.1 மைக்ரான் வரைக்கும் கரையும்னு ஐஎஸ்ஓ 9223 சொல்லுது, கணக்குப் போட்டுக்குங்க, 20 எங்க 70 எங்க. கடலோரம்னா இன்னும் வேகமா கரையும்.

கீறல் பத்தி கேட்டீங்க, பயப்படாதீங்க. தம்பி மேல விழுற அடிய அண்ணன் குறுக்க நின்னு வாங்கிக்கிற மாதிரி, பக்கத்துல ஜிங்க் இருக்கிற வரைக்கும் அது கரைஞ்சு இரும்ப விட்டுடும், சின்ன கீறல்ல துரு உள்ள ஓடாது. பெரிய எடம் போச்சுன்னா ஜிங்க் தூள் நெறைய உள்ள பெயிண்ட் கெட்டியா அடிக்கணும்.

இப்ப உங்க கொட்டகைக்கு. கருப்பு இரும்புல செய்யச் சொல்லுங்க, ஆனா பைப்போட ரெண்டு முனையும் அடைச்சு ஒட்டிட்டு தொட்டிக்கு அனுப்பவே கூடாது, உள்ள ஈரம் மாட்டுனா அந்த சூட்டுல நீராவியாகி வெடிக்கும்க்கா, அங்க நிக்கிற ஆளுங்க உயிரு விஷயம் இது. ஆவி வெளிய போக ஓட்டை எங்க, எவ்வளவு பெருசா போடணும்னு டிப் போடுற எடத்துலயே மொதல்ல கேட்டுட்டு ஒட்டணும், தொட்டி நீளத்தையும் அப்பவே கேளுங்க, பட்டறைக்காரர் அப்பறம் பாத்துக்கலாம்னா விடாதீங்க. ஆட்டு மூத்திரம் படுற கால் பகுதிக்கு ஜிங்க் மேல பெயிண்டும் வேணும், செம்பனைக்கு போடுற பொட்டாஷ் உர மூட்டைய அதுல சாத்தி வைக்காதீங்க, அது குளோரைடு, ஈரத்தோட சேந்தா ஜிங்க்க தின்னுடும்.

பழைய கேட்ட டிப்புக்கு அனுப்புறது வேஸ்ட்டுன்னுதான் நான் சொல்வேன், சாயம் ஆசிட்ல போகாது, எல்லாத்தையும் உரிக்கணும், அந்த மெல்லிசு பைப் சூட்டுல நெளிஞ்சாலும் நெளியும். மூட்டுகள துரு போயி இரும்பு பளிச்சுன்னு தெரியுற வரைக்கும் தேய்ச்சு ஜிங்க் பெயிண்ட் அடிங்க போதும்.

பச்சை சாயம் தாராளமா அடிக்கலாம், ஆனா சாதாரண எண்ணெய் பெயிண்ட நேரா ஜிங்க் மேல அடிச்சா உள்ளுக்குள்ள சோப்பு மாதிரி ஆகி தோலா உரிஞ்சு வரும், அதனால மேல லேசா தேய்ச்சு, ஜிங்க்குக்குன்னு உள்ள பிரைமர் அல்லது எபோக்ஸி பிரைமர் போட்டுட்டு அப்பறம் பச்சை. கடையில கேக்கும்போது ஹாட் டிப் போட்ட இரும்புக்குன்னு சொல்லிக் கேளுங்கக்கா, வெறும் இரும்புக்குன்னு சொல்லாதீங்க.