கோப்பிக்கு ஒரு வீடு வேணும் மக்களே, காவலுக்கு இல்ல

வணக்கம் மக்களே, இன்னிக்கு சாப்பாட்டு வீடியோ இல்ல. என் கால்கிட்ட ஒரு நாய் படுத்திருக்கா பாருங்க, இவ பேரு கோப்பி. பால் ஊத்தாத கோப்பி ஓ மாதிரி முழுக்க கருப்பு, நெஞ்சுல மட்டும் ஒரு வெள்ளைப் பொட்டு. ஒன்றரை வயசு இருக்கும்னு பல்லப் பாத்து டாக்டர் சொன்னாங்க.

தீ கோங் சே ராத்திரி பினாங்குல எப்படி இருக்கும்னு இங்க இருக்கறவங்களுக்குத் தெரியும், வெளியூர்க்காரங்களுக்கு சொல்றேன், சீனப் புத்தாண்டு ஒம்பதாம் நாள், ஹொக்கியன்காரங்களுக்கு அதுதான் பெருசு, முந்தின ராத்திரி பன்னெண்டு மணிக்கு பட்டாசு காதைப் பொளக்கும். மறுநாள் காலைல ஜெலுத்தோங் மார்க்கெட் பக்கம் போறேன், ஒரு காருக்கு அடியில இவ நடுங்கிட்டு கெடக்கா. கழுத்துல செவப்பு ராஃபியா கயிறு, குட்டியா இருக்கும்போது கட்டிவிட்டது போல, வளர வளர யாரும் தளர்த்தி விடல, தோலுக்குள்ளயே போயிருச்சு. கிளினிக்ல கத்திரியால கொஞ்சம் கொஞ்சமா வெட்டி எடுத்தாங்க, இவ ஒரு தடவகூட கடிக்க வரல, என் கைய நக்கிட்டே இருந்தா. இதோ பாருங்க, இந்த எடத்துல இன்னும் முடி முளைக்கல.

விரலிடுக்குல எல்லாம் உண்ணி. ரத்தம் டெஸ்ட் பண்ணா உண்ணிக் காய்ச்சல், தட்டணுக்கள் ரொம்ப கம்மி. 28 நாள் டாக்சிசைக்ளின், வெறும் வயித்துல குடுத்தா வாந்தி எடுப்பா, அதனால சோத்துல தக்காளி சார்டின் கொஞ்சம் பிசைஞ்சு அதுக்குள்ள மாத்திரைய வச்சு குடுத்தோம். இப்ப நல்லாருக்கா. தடுப்பூசி போட்டாச்சு, கருத்தடை பண்ணியாச்சு, இதயப்புழு டெஸ்ட்டும் கிளியர். ஆனா அது கொசுவால வர்றது, நம்ம ஊர்ல கொசு வருஷம் பூரா இருக்கு, மாசா மாசம் மருந்த நிறுத்தவே கூடாது.

இப்ப ஒரு விஷயம் சொல்லணும், மனசு கஷ்டமாதான் இருக்கு. ஏற்கனவே ஒரு எடத்துக்கு நான் இவளக் குடுத்தேன். பிறை பக்கம் ஒரு பட்டறை, நல்லா பாத்துக்கறேன்னாங்க, நான் எடத்தப் போய் பாக்காமலே குடுத்துட்டேன், அது என் தப்பு. ஒரு வாரம் கழிச்சு போனா மொட்ட வெயில்ல தகரத்துக்குக் கீழ மூணு அடி சங்கிலி, தண்ணி வாளி கவுந்து கெடக்கு. அப்படியே அவுத்து கார்ல ஏத்திட்டு வந்துட்டேன்.

அதுக்கப்புறம் வந்த ஃபோன் எல்லாம் ஒரே கேள்விதான், பொட்டையா? கருப்பா? மோங்ரலா, கலப்பு நாயா? நல்லா குரைக்குமா? ஆமா, பொட்டதான், கருப்புதான், மோங்ரல்தான், ஆனா இவ அதிகம் குரைக்க மாட்டா. அதனால காவலுக்குக் கேக்காதீங்க, ப்ளீஸ். வீட்டுக்குள்ள, மனுஷங்க பக்கத்துல படுக்கணும் இவளுக்கு.

நான் இருக்கறது வாடகை ஃப்ளாட், நாய் வளக்க முடியாது. கெலுகோர்ல அத்தை வீட்லதான் வச்சிருக்கேன், மாசக் கடைசி வரைக்கும்தான். பக்கத்து வீட்டுப் பாட்டி முதல்ல வீட்டு கேட் பக்கமே வர மாட்டாங்க, 2015ல இங்க ரேபிஸ் வந்த பயம் இன்னும் இருக்கு அவங்களுக்கு. ஊசி போட்ட கார்ட காட்டினேன். இப்ப என்னடான்னா, வைரவர் வாகனம்டா இதுன்னு தயிர் சோறு கொண்டுவந்து வைக்கறாங்க.

எடுக்க நெனைக்கறவங்க, தரை வீடா இருந்தா நல்லது, வாடகை வீடுன்னா ஓனர்கிட்ட முன்னாடியே எழுதி வாங்கிடுங்க, கவுன்சில் லைசன்ஸ் எடுக்கணும். நான் வந்து கேட்டுக்கு அடியில எவ்ளோ சந்து இருக்குன்னு பாப்பேன், தப்பா நெனைக்காதீங்க, பட்டாசு சத்தம் கேட்டா இவ ஒரு சாண் சந்துலயும் பூந்து ஓடிருவா. முதல் மூணு நாள் சோபாவுக்கு அடியிலயேதான் இருப்பா, சாப்பிட மாட்டா, உடனே திருப்பிக் குடுக்காதீங்க, வீடு பழக மூணு மாசம்கூட ஆகும்.

சனிக்கிழமை சாயங்காலம் அத்தை வீட்லதான் இருப்பேன், மெசேஜ் பண்ணிட்டு வாங்க. மோட்டார் சைக்கிள்ல வர்றவங்க தயவுசெஞ்சு ரோட்டு முனையிலயே நிறுத்திட்டு நடந்து வாங்க அண்ணே, அந்த சத்தம் கேட்டா… இந்தா, எழுந்துட்டா பாருங்க. ஒண்ணும் இல்லம்மா, வா, வா இங்க.