பரங்கிக்காய் விழுது: பம்ப்கின் பை ஏன் இறுகவில்லை, பாட்டிலில் அடைத்து வைக்கலாமா?

வணக்கம். போன வீடியோவைப் பார்த்த ஒரு சகோதரி இரண்டு சந்தேகம் கேட்டிருக்கிறார். அமெரிக்காவில் இருக்கும் மகள் அனுப்பிய பம்ப்கின் பை (மாவுக் கிண்ணத்தில் பரங்கி விழுதை நிரப்பிச் சுடும் இனிப்பு) செய்முறையில் ‘ஒரு டின் பம்ப்கின் ப்யூரி’, அதாவது பரங்கி விழுது, என்று இருந்ததாம். இங்கே டின் கிடைக்கவில்லை என்று பரங்கிக்காயை வேகவைத்து அரைத்துச் சேர்த்திருக்கிறார். பை நடுவில் கடைசி வரை இறுகவே இல்லை. நம்ம ஊர்க் காய் இதற்கு ஒத்துவராதா என்பது முதல் கேள்வி. மிச்சமான விழுதை ஜாம் மாதிரி பாட்டிலில் அடைத்து அலமாரியில் வைக்கலாமா என்பது இரண்டாவது.

காய் மேல் தப்பே இல்லைங்க. அமெரிக்காவில் டின்னில் வருவதில் பெரும்பகுதி டிக்கின்சன் என்கிற வகை. ஹாலோவீன் பண்டிகைக்கு முகம் வெட்டி விளக்கு வைப்பார்களே, அந்தக் காய் இல்லை இது. அது நாரும் தண்ணீருமாக இருக்கும். டிக்கின்சன், குக்குர்பிட்டா மொஸ்காட்டா என்ற இனத்தைச் சேர்ந்தது. நம்ம சந்தைக்கு வரும் பரங்கிக்காயும் பெரும்பாலும் அதே இனம்தான். கோவைப் பக்கம் அரசாணிக்காய் என்பார்கள், சில ஊர்களில் மஞ்சள் பூசணி என்பார்கள். அதனால் தைரியமாக நம்ம காயிலேயே செய்யுங்கள். பிஞ்சு வேண்டாம், நன்றாக முற்றிய காயாகப் பாருங்கள். கீற்றாக வாங்கினால் சதை அடர்ந்த மஞ்சளாக, கெட்டியாக இருக்க வேண்டும்.

பையைக் கெடுத்தது தண்ணீர். காயிலேயே பெரும்பங்கு தண்ணீர்தான்; அதைத் தண்ணீரில் போட்டு வேகவைத்தால் இன்னும் குடித்துக்கொள்ளும். வீட்டில் அவன் (oven) இருந்தால் விதையை மட்டும் எடுத்துவிட்டு, தோலோடு பெரிய துண்டுகளாக வெட்டி, 200 டிகிரி செல்சியஸில் முக்கால் மணி நேரம் முதல் ஒரு மணி நேரம் வரை சுடுங்கள். கத்தி வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்க வேண்டும். ஓரங்கள் லேசாகச் சிவந்தால் இனிப்பும் கூடும். எனக்கு இந்த முறைதான் பிடிக்கும். அவன் இல்லையா, இட்லிப் பானைத் தட்டில் ஆவியில் வேகவையுங்கள், போதும். ஆறியதும் சதையை வழித்தெடுத்து, ஒரு சொட்டுத் தண்ணீர்கூட விடாமல் மிக்ஸியில் அரையுங்கள். சூடாகப் போட்டு மூடினால் ஆவி மூடியைத் தூக்கி அடிக்கும், கவனம். அரைப்பதற்கு முன் ஒரு சின்னத் துண்டை வாயில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு முழுக் காயையும் தூக்கிப் போடுங்கள். குக்குர்பிட்டாசின் என்ற நச்சுப்பொருளால் வரும் கசப்பு அது, வேகவைத்தாலும் போகாது.

அப்புறம்தான் முக்கியமான வேலை. அரைத்த விழுதை மெல்லிய வேட்டித் துணியில் கொட்டி, வடிதட்டில் வைத்து ஒரு மணி நேரம் விடுங்கள். வடிகிற நீரைக் கொட்டாதீர்கள், சாம்பாருக்கு அருமையாக இருக்கும். பதம் பார்க்க, ஒரு ஸ்பூன் விழுதைத் தட்டில் வைத்து இரண்டு நிமிடம் பாருங்கள். சுற்றிலும் நீர் வளையம் கட்டினால் இன்னும் வடிய வேண்டும். அவசரமென்றால் அடிகனமான வாணலியில் போட்டுச் சிறு தீயில் கிளறி வற்றவிடலாம். அந்த டின் என்பது 425 கிராம், ஏறக்குறைய ஒன்றே முக்கால் கப். அந்த அளவுக்கு ஒரு கிலோ காய் வாங்கினால் தட்டாது.

இரண்டாவது கேள்விக்குக் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்கிறேன். பாட்டிலில் அடைத்து வெளியில் வைக்கவே வேண்டாம். ஜாமில் சர்க்கரையும் புளிப்பும் காவல் நிற்கின்றன. பரங்கிக்காயில் புளிப்பு கிடையாது. காற்றுப் புகாத பாட்டிலுக்குள் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற கிருமி வளர அது ரொம்ப வசதியான இடம். அதன் வித்துகள் கொதிநீரில் சாகாது. அது உண்டாக்கும் நஞ்சு நரம்புகளைத் தாக்கும், மூச்சையே நிறுத்திவிடும். விழுது பார்க்க நன்றாகத்தான் இருக்கும், வாடைகூட வராமல் இருக்கலாம். குக்கரில் வைத்து அடைத்தால் என்ன என்று கேட்பீர்கள். விழுது கெட்டியாக இருப்பதால் நடுப்பகுதி வரை வெப்பம் சரியாகப் போய்ச் சேருவதில்லை. பாட்டிலில் அடைத்துச் சேமிக்கும் பழக்கம் ஊறிப்போன அமெரிக்காவிலேயே, அரசின் வேளாண் துறை வீட்டில் பரங்கி விழுதை அப்படி அடைக்கக் கூடாது என்றுதான் சொல்கிறது. தொழிற்சாலை டின் கதை வேறு, அங்கே அதற்கான இயந்திரமும் கணக்கும் இருக்கின்றன.

நமக்கு ஃப்ரீசர் போதும். ஒவ்வொரு கப்பாக அளந்து ஜிப் பையில் போட்டு, தட்டையாகத் தட்டி அடுக்குங்கள், மேலே தேதி எழுதுங்கள். மூன்று மாதம் ருசி மாறாமல் இருக்கும். ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் என்றால் மூன்று, நான்கு நாள்தான். உறைந்ததை முதல் நாள் இரவே கீழ்த்தட்டுக்கு மாற்றி இளகவிடுங்கள். மறுபடியும் கொஞ்சம் நீர் விடும், பைக்கு என்றால் திரும்ப வடித்துக்கொள்ளுங்கள். சப்பாத்தி மாவு பிசையவோ பால் கூட்டு, சூப், அல்வா செய்யவோ அப்படியே போடலாம்.

சகோதரி, ஒருவேளை பாட்டிலில் போட்டு ஏற்கெனவே அலமாரியில் வைத்துவிட்டீர்கள் என்றால், திறந்து முகர்ந்து பார்க்க வேண்டாம், நாக்கில் வைத்தும் பார்க்க வேண்டாம். மூடியோடு அப்படியே இரண்டு பையில் கட்டிக் குப்பையில் சேர்த்துவிடுங்கள். காய் போனால் போகட்டும், நாளைக்கே இன்னொரு கீற்று வாங்கிக்கொள்ளலாம்.