மாதம் 250 டாலரில் ஒரு தலைமைப் பயிற்சியாளர்

(மகளிர் கல்லூரி ஒன்றின் விளையாட்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

முதல்வர் அவர்களே, உடற்கல்வித் துறை ஆசிரியர்களே, காலையிலிருந்து வெயிலில் ஓடிக் களைத்து உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

கோப்பை வாங்கியவர்களைப் பாராட்ட இந்த மேடையில் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் ஒரு கோச்சைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அமெரிக்காவின் டென்னசி பல்கலைக்கழக மகளிர் கூடைப்பந்து அணிக்கு 38 சீசன் தலைமைப் பயிற்சியாளராக இருந்த பேட் சம்மிட். 1,098 வெற்றி, 208 தோல்வி, எட்டு தேசியப் பட்டம். இந்தக் கணக்கை யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். ஆனால் அவர் வந்தபோது அந்தப் பதவியின் நாற்காலிக்குக் கால்களே சரியாக இல்லை. உட்கார்ந்தபடியே அந்தக் கால்களையும் செய்து முடித்தார். எனக்கு அதுதான் பெரிதாகத் தெரிகிறது.

1974இல் அவருக்கு வயது 22. பண்ணை வீட்டுப் பெண். வைக்கோல் பரணில் அண்ணன்மார்களோடு பந்தாடி வளர்ந்தவர். முதுகலை படித்துக்கொண்டே உதவிப் பயிற்சியாளராக இருக்கலாம் என்றுதான் டென்னசிக்கு வந்தார். அப்போதிருந்த பயிற்சியாளர் விடுப்பில் போய்விட, தலைமைப் பொறுப்பு இவர் தலையில் விழுந்தது. சம்பளம் மாதம் 250 டாலர். வேன் ஓட்டுவதும் அவர்தான், ஜெர்சி துவைப்பதும் அவர்தான். அந்த ஜெர்சியே டோனட் விற்ற காசில் வாங்கியது. அணியில் சிலர் அவரைவிட ஒரே வயது இளையவர்கள். அக்காவா, மேடமா என்றே அவர்களுக்குப் புரிந்திருக்காது! முதல் ஆட்டத்தில் மெர்சர் அணியிடம் 84-83 என்று ஒரே புள்ளியில் தோற்றார். அதே சமயத்தில், முழங்கால் காயத்திலிருந்து மீண்டு, 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் தானே ஆடி வெள்ளி வாங்கினார். 1984இல் லாஸ் ஏஞ்சலிஸில் தங்கம் வாங்கிய அமெரிக்க அணிக்கு அவர்தான் கோச்.

இன்னொரு விஷயம் கேளுங்கள். அந்தக் காலத்தில் டென்னசி பள்ளிகளில் பெண்கள் ஐந்து பேராக ஆடமாட்டார்கள், ஆறு பேர். மூவர் எதிரணிக் கூடையின் பக்கம், மூவர் தங்கள் கூடையின் பக்கம். நடுக்கோட்டைத் தாண்டக்கூடாது. முழு மைதானமும் ஓடப் பெண்ணுக்குத் தெம்பு இல்லையாம்! தடுப்பாட்டத்தில் நிற்கும் பெண் கூடையை நோக்கிப் பந்து எறியவே வழியில்லை. கல்லூரியிலோ ஐவர் ஆட்டம். எறியவே தெரியாத பெண்ணுக்கு எந்தக் கல்லூரி ஸ்காலர்ஷிப் தரும்? சம்மிட் இந்த விதியை வெளிப்படையாக எதிர்த்தார். 1979-80இல்தான் அந்த மாநிலப் பள்ளிகள் ஐவர் ஆட்டத்துக்கு மாறின. பட்டம் வாங்கியதைவிட இதை நான் மேலாக வைப்பேன். நம் மேடைகளில் இந்த மாதிரி வேலைக்கு யாரும் பொன்னாடை போர்த்துவதில்லை.

அவர் சாதுவான கோச் இல்லை. அந்தப் பார்வை ஒன்று போதும், பிள்ளைகள் நடுங்குவார்கள். வகுப்பில் முதல் மூன்று வரிசையில்தான் உட்கார வேண்டும். வகுப்பை வெட்டினால் ஆட்டம் கிடையாது. அவரிடம் முழுக் காலமும் ஆடிய அத்தனை பேரும் பட்டப்படிப்பை முடித்துவிட்டுத்தான் போனார்கள். பின்வரிசை நண்பர்கள் சிரிக்கிறீர்கள், சரி.

1990 செப்டம்பரில் நடந்தது ஒன்று. சம்மிட் நிறைமாதம். மிஷேல் மார்சினியாக் என்ற பள்ளி வீராங்கனையைத் தன் அணிக்கு இழுக்கப் பென்சில்வேனியா வரை போகிறார். அந்தப் பெண்ணின் வீட்டிலேயே பனிக்குடம் உடைகிறது. சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டுத்தான் விமானம் ஏறினார். வழியில் வர்ஜீனியாவில் இறக்கிவிடலாம் என்றார் விமானி. மாட்டவே மாட்டேன் என்றார் சம்மிட். அந்த ஆண்டுதான் வர்ஜீனியா அணி அவரைத் தோற்கடித்திருந்தது! பிள்ளை டென்னசியில்தான் பிறந்தது. இவ்வளவுக்கும் மார்சினியாக் முதலில் நோட்டர்டேம் கல்லூரியில்தான் சேர்ந்தார். பிறகு மனம் மாறி டென்னசிக்கு வந்து, 1996இல் பட்டம் வென்ற அணியில் ஜொலித்தார்.

அடுத்தடுத்து 1997, 1998இலும் பட்டம். 1997-98இல் 39 ஆட்டம், ஒன்றுகூடத் தோற்கவில்லை. 2005இல், ஆண்கள் அணிப் பயிற்சியாளர் டீன் ஸ்மித்தின் 879 வெற்றிகளைத் தாண்டிய இரவே அரங்கின் ஆடுகளத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். இடையில் இருமுறை ஆண்கள் அணிக்கு வாருங்கள் என்று பல்கலைக்கழகம் கேட்டது. அது எப்படிப் பதவி உயர்வாகும் என்று திருப்பிக் கேட்டு மறுத்துவிட்டார். 2006இல் ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலருக்கு மேல் சம்பளம். மகளிர் கல்லூரிக் கூடைப்பந்தில் அதுவரை யாருக்கும் கிடைக்காத தொகை.

2011 ஆகஸ்டில், 59 வயதில், தனக்கு அல்சைமர் நோய் வந்திருப்பதை அவரே அறிவித்தார். அறிவித்துவிட்டு வீட்டுக்குப் போகவில்லை. இன்னொரு சீசன் பயிற்சியாளராகப் பெஞ்சில் உட்கார்ந்தார். 2012 மார்ச்சில், அந்த ஆண்டு ஓர் ஆட்டம்கூடத் தோற்காத பேய்லர் பல்கலைக்கழக அணியிடம் தோற்றதுதான் கடைசி. ஏப்ரலில் பொறுப்பு ஹோலி வார்லிக்கிடம் போனது. வார்லிக் எழுபதுகளில் அவரிடம் ஆடியவர், பிறகு 27 ஆண்டு அவருக்கு உதவிப் பயிற்சியாளர். 2016இல் 64 வயதில் சம்மிட் காலமானார். மகளிர் கல்லூரிக் கூடைப்பந்தில் அவருடைய 1,098ஐ ஒருவர் தாண்ட 2020 டிசம்பர் வரை ஆயிற்று. தாண்டியவர் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பயிற்சியாளராக இருந்த டாரா வான்டர்வீர், அவரும் பெண்தான்.

பரிசு வாங்கப் பிள்ளைகள் எழுந்து நிற்கிறார்கள். நன்றி, வணக்கம்.