கெட்ட உருப்படிகளைக் காட்டுங்கள்

கல்லூரி முதல்வர் அவர்களே, இந்த வெயிலிலும் வெளியூரிலிருந்து வந்து தலைமையேற்றிருக்கும் மூத்த பேராசிரியர் ஐயா அவர்களே, இதே அரங்கில் போன ஆண்டும் என்னைப் பேசவைத்த இயற்பியல் துறைத் தலைவர் அம்மா அவர்களே, மன்றச் செயலாளர் தம்பி அவர்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம்.

இணைவு உலை வடிவமைப்பில் செயற்கை நுண்ணறிவு முகவர்கள் என்பது எனக்குக் கொடுத்த தலைப்பு. அணுக்கருக்களை இணைத்து ஆற்றல் எடுப்பது இணைவு உலை; சொன்ன வேலையைத் தானே படிப்படியாகச் செய்துமுடிக்கும் நிரல் முகவர். பிளாஸ்மாவை, அதாவது மின்னூட்டம் பெற்ற சூடான வாயுவை, அடக்குவது, உலையை வடிவமைப்பது, ஆகும் செலவு என்று மூன்று செய்திகளோடு வந்திருக்கிறேன்.

ஹைட்ரஜனின் கனமான வகைகளான டியூட்டீரியமும் டிரிடியமும் உலைக்குள் இணைய ஏறக்குறைய 15 கோடி டிகிரி சூடு வேண்டும். அதைத் தாங்கும் பாத்திரம் கிடையாது. காந்தப்புலத்தால்தான் பிடித்துவைக்க வேண்டும். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் டிசிவி என்ற டோகமாக்கில், அதாவது பிளாஸ்மாவைக் காந்தப்புலத்தால் பிடித்துவைக்கும் வளைய வடிவக் கருவியில், 19 காந்தச் சுருள்கள் இருக்கின்றன. கூகுளின் டீப்மைண்ட் குழு ஒரு நிரலைக் கணினி மாதிரியிலேயே பழக்கி, அந்தச் சுருள்களை அதன் பொறுப்பில் விட்டது. நொடிக்கு 10,000 முறை மின்னழுத்தத்தை மாற்றி, பிளாஸ்மாவைக் கேட்ட வடிவில் நிறுத்தியது. 2022இல் வந்த செய்தி இது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். லோசானில் உதவியது! மாதிரியில் நிச்சயமில்லாத இடங்களை மெய்யான சோதனைத் தரவை வைத்து அவர்கள் சரிக்கட்டியிருந்தார்கள்.

அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் முகவர்கள் இன்னும் ஒரு படி மேலே. அங்கே காந்தத்துக்குப் பதில் லேசரால் நசுக்கி இணைக்கும் எரிபொருள் குளிகையைப் பற்றி வடிவமைப்பாளர் பேச்சு வழக்கில் சொன்னால், முகவர் அதைக் கணினி மாதிரியாக மாற்றி ஓட்டிப் பார்க்கிறது. சரி, அது எதைப் பார்த்துக் கற்கும்?

என் மாமா லேத் பட்டறை வைத்திருந்தார். பத்தாவது லீவில் என்னை அங்கே விட்டார்கள். முதல் நாள் மெஷின் பக்கமே போகவிடவில்லை. மேசைக்கு அடியிலிருந்து ஒரு பழைய எண்ணெய் டின்னை இழுத்துக் கவிழ்த்தார். அத்தனையும் கெட்ட உருப்படி! ஒவ்வொன்றிலும் மஞ்சள் பெயிண்டில் ஒரு எண், நோட்டில் அந்த எண்ணுக்கு நேரே காரணம். 'டூல் மழுங்கல்', 'சென்டர் விலகல்', 'கரண்ட் போய் வந்தது'. "நல்ல ஷாஃப்ட்ட எவனும் காட்டுவான்டா, இதப் படி" என்றார். மூன்று நாள் படித்தேன். 41ஆம் எண்ணுக்கு எதிரே மட்டும் ஒன்றுமில்லை. கேட்டேன். "அது எனக்கே இன்னும் பிடிபடல. நீ பாத்துச் சொல்லு." பக்கத்துப் பட்டறைக்காரர் வந்தாலும் அதே டின்னைத்தான் கவிழ்ப்பார்.

டோகமாக்கிலும் குலைந்துபோன ஒவ்வொரு ஷாட்டும், அதாவது ஒவ்வொரு சோதனை ஓட்டமும், அப்படி ஓர் உருப்படி. பிரிட்டன் தன் மாஸ்ட் டோகமாக்கின் தரவைத் திறந்துவைத்திருக்கிறது. அந்த டின்னைக் கவிழ்க்காமல் எந்த முகவரைப் பழக்கினாலும் அது ஏட்டுச் சுரைக்காய்தான். காந்திநகரில் உள்ள நம் ஆதித்யா டோகமாக் 1989இல் ஓடத் தொடங்கியது. பல நாடுகள் சேர்ந்து பிரான்சில் கட்டும் ஈட்டர் என்ற இணைவு உலையிலும் நாம் பங்காளிகள். பொதுப் பணத்தில் நடக்கும் சோதனைகளின் தரவு, கெட்ட ஷாட்டுகளோடு சேர்த்து, உங்கள் கைக்கு வர வேண்டும். செலவுக் கணக்கை இன்னொரு நாள் பேசுகிறேன்.

அந்தத் தரவைக் கேட்கும் மனுவை வாசலில் வைத்திருக்கிறேன். முதல் கையெழுத்தைத் துறைத் தலைவர் அம்மா போடுகிறார்கள். வணக்கம்.