வோசா என்றதும் நிமிர்ந்த காது

வணக்கம் நேயர்களே. வயதான நாயைத் தத்தெடுப்பது பற்றி என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். எங்கள் வீட்டு ராணியைப் பற்றிச் சொன்னாலே போதும் என்று நினைக்கிறேன்.

நாங்கள் தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறோம். ஆதரவற்ற விலங்குகளைப் பராமரிக்கும் எஸ்பிசிஏவுக்குப் போன அன்று குட்டிகளின் கூண்டு முன்னால் ஒரே கூட்டம். ராணி கடைசிக் கூண்டில் படுத்திருந்தாள். ஒன்பது வயது இருக்கலாம் என்றார்கள். மூக்கைச் சுற்றி நரை.

வீட்டுக்கு வந்து நாலு நாள் வாஷிங் மெஷினுக்குப் பின்னாலேயே கிடந்தாள். "வாடா கண்ணு" என்றோம், இங்கிலீஷிலும் கூப்பிட்டோம். தலையைக்கூடத் தூக்கவில்லை. காது கேட்காதோ என்று பயந்தேன். ஐந்தாம் நாள், தோட்ட வேலைக்கு வரும் சுலு அம்மா எட்டிப் பார்த்து, "வோசா" என்றார். சுலு மொழியில் "வா" என்று அர்த்தம். இரண்டு காதும் நிமிர்ந்தன. எழுந்து, மெதுவாக அவர் பக்கம் நடந்தாள். சுலு பேசும் வீட்டில் வளர்ந்தவள்! அன்று முதல் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் "வோசா"தான், உட்காரச் சொல்ல "ஹ்லாலா"தான்.

வயதான நாய் நம்மிடம் வருவதற்கு முன்பே ஒரு வாழ்க்கை வாழ்ந்திருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க வாரங்கள் ஆகலாம், மாதங்களும் ஆகலாம். பத்து நாளில் "இது ஒட்டவில்லை" என்று திருப்பிக் கொண்டுபோய் விடாதீர்கள், தயவுசெய்து.

உடம்பு விஷயத்துக்கு வருவோம். வெறிநாய்க்கடி நோய் நம் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் இன்னும் இருக்கிறது. தடுப்பூசி சட்டப்படி கட்டாயம். ஊசி அட்டையைக் கேட்டு வாங்குங்கள். வெயில் காலத்தில் உண்ணியால் பிலியரி என்ற ரத்த நோய் வரும். ஈறு வெளுத்து, சாப்பாட்டில் வாய் வைக்காமல், சிறுநீர் கருத்துப் போனால் அன்றே டாக்டரிடம் ஓடுங்கள். வழுக்கும் டைல்ஸில் மூட்டு வலிக்காரி தடுமாறுவாள், ஒரு பாய் விரித்துவிடுங்கள். வலிக்கிறதே என்று நமக்கு வாங்கிய ஐபுப்ரொஃபெனைக் கொடுக்கவே கூடாது. வயிறும் சிறுநீரகமும் கெட்டுவிடும். மிச்சக் கறியைச் சோற்றில் பிசைந்து வைப்பது நம் வீடுகளில் பழக்கம். அதில் வெங்காயமும் பூண்டும் இருக்கின்றன, இரண்டுமே நாயின் ரத்த அணுக்களை அழிக்கும். ராணிக்கு மசாலா இல்லாமல் கோழியை வேகவைத்து, எலும்பை எடுத்துவிட்டு வைக்கிறேன். பல் போனவளுக்கு அதுதான் சரி.

அப்புறம், தீபாவளி. அதோடு நவம்பர் 5ஆம் தேதி கை ஃபாக்ஸ் நாள் வெடியும் சேர்ந்துகொள்ளும். பயத்தில் மதில் தாண்டி ஓடித் தொலைகிற நாய்கள் எத்தனையோ. வெளிச்சம் இருக்கும்போதே நடக்கக் கூட்டிப் போய்விட்டு, உள் அறையில் திரையை இழுத்து, ரேடியோவை வையுங்கள். கழுத்துப் பட்டையில் உங்கள் போன் நம்பர் இருக்கட்டும்.

போன தீபாவளிக்குப் பக்கத்துத் தெருவில் முதல் வெடி வெடித்ததும் ராணி நடுங்கிக்கொண்டு வாஷிங் மெஷின் பக்கம் ஓடினாள். நான் தரையில் உட்கார்ந்து, வாய் தவறி, "வாம்மா" என்று தமிழில் கூப்பிட்டுவிட்டேன். திரும்பிப் பார்த்தாள். வந்து என் மடியில் தலையை வைத்துக்கொண்டாள்.