வைக்கோலில் இருக்கிற எரிபொருள்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

வைக்கோல் போரில் ஏறி விளையாடியவர்களுக்குச் சுனை என்றால் என்னவென்று தெரியும். உடம்பெல்லாம் அரிக்கும், தலையோடு தண்ணீர் ஊற்றிக் குளித்தால்தான் அடங்கும். நெற்பயிர் மண்ணிலிருந்து சிலிக்காவை, அதாவது மணலில் இருக்கிற அதே பொருளை, உறிஞ்சித் தாளிலும் தோகையிலும் பொடி முட்களாக வைத்துக்கொள்கிறது. வைக்கோலிலிருந்து எரிபொருள் எடுக்கப் போகிறவர்களை முதலில் மறிப்பதும் இந்தச் சுனைதான். வெட்டுகிற கத்தி சீக்கிரமே மழுங்கிவிடும்.

பஞ்சாபிலும் ஹரியானாவிலும் மாட்டுக்குக் கோதுமைத் தாள்தான் பெரும்பாலும் தீவனம். நெல்லை அறுத்த இரண்டு மூன்று வாரத்தில் கோதுமை விதைத்தாக வேண்டும். இயந்திரம் அறுத்துப் போட்டுவிட்டுப் போன நெல் தாளை அள்ள ஆளும் கிடைக்காது, நேரமும் இருக்காது. தீ வைத்துவிடுகிறார்கள். அந்தப் புகை டெல்லி வரை போகிறது. விவசாயியைத் திட்டினால் இது தீராது. வயலுக்கே வந்து அள்ளிக்கொண்டு, கையில் காசும் கொடுத்தால் யார் தீ வைக்கப் போகிறார்கள்?

அப்படி வாங்குவதற்காக ஹரியானாவின் பானிபட்டில் இந்தியன் ஆயில் நிறுவனம் கட்டிய ஆலை, 2022 ஆகஸ்ட் 10 அன்று நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. செலவு 900 கோடி ரூபாய்க்கு மேல். ஆண்டுக்கு 2 லட்சம் டன் வைக்கோலிலிருந்து 3 கோடி லிட்டர் எத்தனால் எடுப்பது திட்டம். டன்னுக்கு 150 லிட்டர் என்று கணக்கு வருகிறது. பெட்ரோலில் கலக்கிற எத்தனால்தான் இது.

காய்ந்த தாளிலிருந்து எத்தனால் எப்படி வரும்? அரிசியில் இருப்பது மாவுச்சத்து, வைக்கோலில் இருப்பது செல்லுலோஸ். இரண்டுமே குளுக்கோஸ் சர்க்கரையைக் கோத்த மாலைகள்தான். கோத்த விதம் வேறு. மாவுச்சத்தின் முடிச்சை நம் வயிறே அவிழ்த்துவிடும். செல்லுலோஸின் முடிச்சை அவிழ்க்க மாட்டின் வயிற்றில் இருக்கிற நுண்ணுயிரிகள் வேண்டும். போதாததற்கு லிக்னின் என்ற பிசின்போன்ற பொருள் அதைப் பூசி மூடியிருக்கிறது. அதனால் ஆலையில் முதலில் நீர்த்த அமிலமும் அழுத்தமான நீராவியும் விட்டு வைக்கோலை வேகவைக்கிறார்கள். நெல் அவிப்பதுபோலத்தான், சூடு மட்டும் அதைவிட ரொம்ப அதிகம். அப்புறம் நொதிகளை, அதாவது என்சைம்களை, சேர்த்தால் செல்லுலோஸ் உடைந்து சர்க்கரையாகும். அதை ஈஸ்ட் புளிக்க வைக்கும். வடித்தால் எத்தனால். மிஞ்சுகிற லிக்னினைக் கொதிகலனில் எரித்து நீராவி எடுக்கலாம்.

இந்த நொதிக்கு ஒரு கதை உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது பசிபிக்கில் சாலமன் தீவுகளில் இருந்த அமெரிக்கப் படையின் கூடாரத் துணிகள் இற்றுப்போயின. ஒரு பூஞ்சை அவற்றைத் தின்றுகொண்டிருந்தது. பருத்தி என்பது கிட்டத்தட்ட முழுக்கச் செல்லுலோஸ்தானே! துணியைக் காப்பாற்ற அந்தப் பூஞ்சையை ஆராயப் போய், அது சுரக்கிற நொதியின் வலிமையைக் கண்டுகொண்டார்கள். ஆராய்ந்தவர்களில் ஒருவரான எல்வின் ரீஸின் நினைவாக அதற்கு டிரைக்கோடெர்மா ரீசி என்று பெயர். வேரழுகல் வராமலிருக்க நம் விவசாயிகள் விதைநேர்த்தி செய்கிறார்களே, டிரைக்கோடெர்மா விரிடி, அதன் பங்காளி இது. இன்று வைக்கோலைச் சர்க்கரையாக்கும் நொதிகள் பெரும்பாலும் இந்தப் பூஞ்சையின் வழிவந்தவை.

என் கவலையெல்லாம் வைக்கோல் கட்டைப் பற்றித்தான். ஆண்டுக்கு 2 லட்சம் டன் என்றால் ஒரு நாளைக்குச் சுமார் 550 டன். லாரிக்கு 10 டன் ஏற்றினாலும் தினமும் 55 லாரி. வைக்கோலோ கனமில்லாத சரக்கு, வண்டி நிறைந்துவிடும், எடை ஏறாது. ஆலை ஆண்டு முழுக்க ஓட வேண்டும், வைக்கோல் வருவதோ அறுவடையையொட்டி ஓரிரு மாதம். மிச்ச மாதங்களுக்குப் போர் போட்டுக் காக்க வேண்டும். நனைந்தால் மக்கிவிடும், ஒரு பொறி விழுந்தால் அத்தனையும் சாம்பல். பிற நாடுகளிலும் பாதை சுலபமாக இல்லை. அமெரிக்காவின் அயோவாவில் மக்காச்சோளத் தட்டையை நம்பி டூபான்ட் 2015இல் திறந்த ஆலையை, 2017இல் அந்த நிறுவனமே நிறுத்திவிட்டது.

அதற்காக இந்த முயற்சியைக் கைவிட வேண்டும் என்று சொல்ல மாட்டேன். சோறாக வேண்டிய அரிசியை எத்தனாலுக்கு அனுப்புவதைவிட, வயலில் எரிகிற தாளை அனுப்புவது எவ்வளவோ மேல்.

சரி, நம் டெல்டாவில்? இங்கே வைக்கோலுக்கு மாடு இருக்கிறது, காளான் வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். வயலிலேயே உருட்டிக் கட்டும் இயந்திரமும் வந்துவிட்டது. மாட்டின் வாயிலிருந்து பிடுங்கி ஆலைக்குக் கொடுக்க நான் சம்மதிக்க மாட்டேன். ஆனால் வெட்டு முடிந்ததும் தோட்டத்திலேயே கொளுத்துகிற கரும்புச் சோகை இருக்கிறது, பருத்திமார் இருக்கிறது. அவற்றிலும் இதே செல்லுலோஸ்தான். நாளைக்கு நம் பக்கம் இப்படி ஓர் ஆலை வருகிறதென்றால் நான் கேட்கப்போவது இரண்டே கேள்வி: கட்டுக்கு என்ன விலை? பணம் எத்தனை நாளில் கைக்கு வரும்?

நன்றி, வணக்கம்.